தோட்டப்புற ஊரில் கொசு குறைந்த வீடு பார்ப்பது எப்படி? பந்திங்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்ட வேலையில் ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்கிறவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகள், வேலை மாறி வருபவர்கள் என்று மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பந்திங் சுற்றுவட்டாரத்தில் எப்போதும் யாராவது வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். வாடகை எவ்வளவு, தமிழ்ப்பள்ளி பக்கமா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். கொசுவைப் பற்றிக் கேட்கிறவர் குறைவு. கேட்டாலும், "தோட்டத்துப் பக்கம்னா கொசு இருக்கும், தாமானுக்குள்ள அவ்வளவா இருக்காது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலை நம்பி வீடு எடுக்காதீர்கள். டிங்கியைப் பரப்பும் கொசு வீட்டோடு வீடாக, மனிதரோடு மனிதராக வாழ்கிற கொசு. செம்பனைக் காட்டைவிட, வீடுகள் நெருங்கிய குடியிருப்பான தாமான் அதற்கு வசதி. 2019-இல் மட்டும் மலேசியாவில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்துபோனார்கள். மாநில வாரியாகப் பார்த்தால் நம் சிலாங்கூர்தான் வழக்கமாக முதலிடத்தில் இருக்கிறது.

வீடு பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. டிங்கியைப் பரப்பும் இந்த ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை பெரும்பாலும் முடிந்துவிடும். டிங்கி நோயாளியின் வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குப் புகை அடிப்பதும் இதனால்தான். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஊரை அல்ல. படுக்கப்போகும் கட்டிலைச் சுற்றி 200 மீட்டருக்குள் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதை.

முதல் படி: எந்தக் கொசு என்று பிரித்துப் பாருங்கள்

"கொசு அதிகம்" என்று யாராவது சொன்னால், எந்த நேரத்தில் கடிக்கிறது என்று உடனே கேளுங்கள். நேரம் தெரிந்தால் வகை தெரியும், வகை தெரிந்தால் அது பிறக்கும் தண்ணீர் தெரியும்.

விடிந்து ஒன்றிரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரமும் கால்களைத் தேடிக் கடிப்பது ஏடிஸ். கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையம். இதில் இரண்டு இனங்கள் நம் ஊரில் உண்டு. ஏடிஸ் எஜிப்டை வீட்டுக்குள்ளேயே இருக்கும். கட்டிலுக்கடியிலும் கதவுக்குப் பின்னால் மாட்டிய துணிகளுக்கு நடுவிலும் ஒளிந்துகொள்ளும். ஏடிஸ் அல்போபிக்டஸ் வெளியே, வாழையடியிலும் பூந்தொட்டி நிழலிலும் இருக்கும். அதன் முதுகின் நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு ஓடும். இரண்டுக்கும் வேண்டியது கொஞ்சம் தேங்கிய தண்ணீர்தான். வாளி, டிரம், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஐஸ்கிரீம் டப்பா எதுவும் போதும். பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு காதோரம் வந்து பாடுவது கியூலெக்ஸ். பழுப்பு நிறம். நாற்றமடிக்கும் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய்தான் அதன் ஊர். டிங்கி பரப்பாது, ஆனால் தூக்கத்தைக் கெடுத்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை.

அந்தி நேரத்தில் பெரிய, முரட்டுக் கொசுக்கள் பின்கட்டில் மொய்த்தால் ஆர்மிஜெரஸ் என்று நினைத்துக்கொள்ளலாம். உடைந்த செப்டிக் டேங்க் மூடி பக்கத்தில் எங்காவது இருக்கும். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் குட்டையும் வாய்க்காலும் இருந்தால் மன்சோனியா வரும். இதன் புழு செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். மேலே வர வேண்டிய அவசியமே இல்லாததால் தண்ணீரின் மேல் ஊற்றுகிற எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. செடியை வாரி எடுத்தால்தான் ஒழியும். இது யானைக்கால் நோயைப் பரப்பும் இனம்.

மலேரியா பரப்பும் அனோபிலஸுக்கும் நம் முன்னோர் பட்ட பாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றிய சதுப்புக் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கிள்ளானிலும் அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானிலும் மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். கடலோரத்து அனோபிலஸ் நிழல் விழுந்த தேங்குநீரில் பிறக்கும் இனம். நிழல் போனதும் அதுவும் போனது. அதே வேலையை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது. அங்கே இருந்த இனத்துக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டது அதற்கு வசதியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலிகளாக வந்த எத்தனையோ பேர் மடிந்த மண் இது. "காட்டை வெட்டினால் கொசு போய்விடும்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் இல்லை. 2018 முதல் அப்படி ஒரு நோயாளி பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது. பந்திங் தாமான்களில் நீங்கள் பயப்பட வேண்டியது டிங்கிக்குத்தான்.

இரண்டாம் படி: எப்போது பார்ப்பது

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். தைப்பூசத்தை ஒட்டி வீடு பார்க்கிறவருக்கு எல்லா லோங்காங்கும் சுத்தமாகத்தான் தெரியும். தீபாவளியை ஒட்டிப் பார்ப்பவருக்கு உண்மை தெரியும். முடிந்தால் மழை மாதத்தில், நல்ல மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். அந்த மழையில் பொரிந்த கொசுக்கள் அப்போதுதான் பறக்க ஆரம்பித்திருக்கும்.

கடலோர ஊர் என்பதால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பந்திங், தெலுக் டத்தோ, ஜெஞ்ஜாரோம், கேரித் தீவு எல்லாமே தாழ்வான நிலம். கடல் பெருகும்போது உப்புநீர் உள்ளே வராமல் மதகுகளை அடைத்துவிடுவார்கள். அந்த நேரம் மழையும் பெய்தால் ஊருக்குள் இருக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் பெரிய வாய்க்காலில் ஏறி, அங்கிருந்து தாமான் லோங்காங்குக்குத் திரும்பி வரும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாளில்தான் கடல் அதிகம் பெருகும். ஆகவே வீட்டை இரண்டாவது தடவை பார்க்கப் போகும் நாளைக் காலண்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நேரம்: ஒரு தடவை மாலை 6.30 மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள். இன்னொரு தடவை காலை 8 மணிக்குப் போங்கள். மதியம் 2 மணிக்கு ஏஜெண்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வீட்டில் கொசு தெரியாது. எந்த வீட்டிலும் தெரியாது.

மூன்றாம் படி: போவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

ஐடெங்கி என்ற அரசாங்க இணையத்தளத்தில் டிங்கி பரவும் இடங்கள் வரைபடத்தோடு வருகின்றன. முப்பது நாளுக்கு மேல் பரவல் நிற்காத இடத்தை அதில் ஹாட்ஸ்பாட் என்று குறிக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் தாமானின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் இப்போதைக்குப் பரவல் இல்லை என்று மட்டும்தான் பொருள். ஒரு தடவை பார்த்துவிட்டு விடாமல், வீடு தேடும் காலம் முழுக்க வாராவாரம் பாருங்கள். ஒரே பெயர் வந்து போய் மறுபடி வந்தால் அங்கே சரிசெய்யாத தண்ணீர் எங்கோ இருக்கிறது.

அப்புறம் கூகல் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, வீட்டைச் சுற்றி 200 மீட்டரைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். பழைய இரும்புக் கடை, டயர் கடை, கார் பட்டறை, செடி விற்கும் இடம், பாதியில் நின்றுபோன வீடமைப்பு, கட்டுமான இடம் ஆகியவை அந்த வட்டத்துக்குள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமான இடத்தை நான் மிகவும் கடுமையாகப் பார்ப்பேன். சிமெண்டுத் தளத்தில் தேங்கும் நீர், மூடாத டிரம், தொழிலாளர் தங்கும் கொட்டகை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும், வேலை முடிய வருடக்கணக்கில் ஆகும். பெரிய வாய்க்காலும் வெள்ளத் தடுப்புக் குளமும் படத்தில் மிரட்டலாகத் தெரிந்தாலும், தண்ணீர் திறந்தவெளியாக, மீனோடு, செடி அடைக்காமல் இருந்தால் அதனால் அவ்வளவு தொந்தரவு வராது.

நான்காம் படி: தெருவில் நடந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. காரில் உட்கார்ந்தபடி சுற்றினால் ஒன்றும் தெரியாது. முன் தெருவில் ஒரு தடவை, பின் சந்தில் ஒரு தடவை நடங்கள். பின் சந்துதான் உண்மை பேசும்.

முதலில் லோங்காங். தண்ணீர் இருப்பது குற்றமில்லை. ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. காய்ந்த இலை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஓர் அடிகூட நகரவில்லையென்றால் அது தேங்குநீர். சாம்பல் நிறத்தில் ஏடு கட்டி, சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் மிதந்தால் கியூலெக்ஸ் நிச்சயம். சின்னச் சின்ன மீன்கள் ஓடிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. கப்பி மீன் இருக்கும் லோங்காங்கில் புழு தப்பிப்பது கஷ்டம். சந்தேகமிருந்தால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீரை மொண்டு பாருங்கள். வால் மேலே, தலை கீழே தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போகிறதே, அதுதான் ஜெந்திக் ஜெந்திக் என்று சொல்கிற கொசுப்புழு.

வறண்ட மாதத்தில் பார்ப்பவர்கள் லோங்காங் சுவரைப் பாருங்கள். தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பாசிக்கோடு காட்டிக்கொடுக்கும்.

நம் பக்கத்து மண் மென்மையான களிமண். கட்டி இருபது முப்பது வருடமான தாமான்களில் நிலம் மெல்ல இறங்கியிருக்கும். வீடு தூணில் நிற்பதால் அப்படியே இருக்கும், கார் நிறுத்தும் தளமும் லோங்காங்கும் மட்டும் அமிழ்ந்துபோகும். தளத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறதா, வாசற்படிக்குக் கீழே தளம் தனியாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் லோங்காங்கின் சரிவும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு கழுவினாலும் நடுவில் குழியாகித் தண்ணீர் நிற்கும். இதை வாடகைக்கு வருகிறவர் சரிசெய்ய முடியாது. நகராண்மைக் கழகம் லோங்காங்கை உடைத்துப் புதிதாகப் போட்டால்தான் உண்டு. நான் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு வீட்டை வேண்டாமென்று சொல்லுவேன்.

பின்கட்டை நீட்டிச் சமையலறை கட்டியவர்கள் சில தெருக்களில் பின் லோங்காங்கின் மேலேயே சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். மேலே சுத்தமாகத்தான் தெரியும். கைப்பேசி விளக்கை அடித்து இடுக்கு வழியாகப் பாருங்கள். அடியில் தண்ணீர் மினுக்கினால் அது கொசுவுக்கு இடம்.

அப்புறம் பாழ்வீடு. இடதும் வலதும் இரண்டு இரண்டு வீடு, பின்னால் மூன்று வீடு. இவற்றில் ஆளில்லாத வீடு எது என்று கண்டுபிடியுங்கள். கேட்டில் செருகிய பில்கள் மழையில் ஊறிக் கிடக்கும், தாழ்வாரத்தில் புல் முளைத்திருக்கும். பூட்டிய வீட்டுக்குள் குளியல் தொட்டி நிரம்பிக் கிடக்கிறதா, பின்னால் டிரம் திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, யாரும் போய்க் கொட்டவும் முடியாது. ஒட்டிய வீடு இப்படி இருந்து, சொந்தக்காரர் யார் என்றே தெருவில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வெறும் புல்மண்டிய காலி நிலம் அவ்வளவு மோசமில்லை. புல்லில் கொசு பிறக்காது, ஒண்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். புல்லுக்குள் வீசிய குப்பைதான் தொல்லை. காலி நிலத்தைப் பார்த்தால் புல்லின் உயரத்தைப் பார்க்காமல் அதற்குள் டயரும் டப்பாவும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்தில் பேசுங்கள்

வீட்டுக்காரரும் ஏஜெண்டும் "கொசுவா? இல்லவே இல்லை" என்றுதான் சொல்வார்கள். மாலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கிற அக்காவிடமும், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்கிடமும், மூலைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். "கொசு இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் பழகிப்போய் "எங்கதான் இல்ல?" என்பார்கள். கேள்வியை இப்படி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, இந்தத் தெருவுல கடைசியா யாருக்கு டிங்கி வந்துச்சு?"

"இங்க தண்ணி அடிக்கடி நின்னுடுமா? எத்தனை நாளைக்கு வராது?"

"புகை அடிக்க எப்ப வந்தாங்க?"

"கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து துப்புரவு பண்றது, நடக்குமா? யார் முன்ன நின்னு செய்வாங்க?"

தண்ணீரைப் பற்றிய கேள்வி பலருக்குத் தோன்றாது. குழாயில் தண்ணீர் நிற்கிற பகுதியில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மிலும் வாளியிலும் சேமித்து வைப்பார்கள். தண்ணீர் திரும்பி வந்த பிறகும் அது அப்படியே நிற்கும். நம் வீடுகளில் தொட்டித் தண்ணீரை நிரப்பி வைப்பது லயத்துக் காலத்திலிருந்தே வந்த பழக்கம்; மூடி இருந்தால் நல்ல பழக்கம்தான்.

புகை வண்டி அடிக்கடி வருகிற தெருவைச் சிலர் நன்றாகக் கவனிக்கப்படும் தெரு என்று நினைக்கிறார்கள். பறக்கிற கொசுவைத்தான் புகை கொல்லும். முட்டையையும் புழுவையும் தொடாது. அடிக்கடி புகை என்றால் அடிக்கடி நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"அரசாங்கமே கொசுவைக் கொண்டுவந்து விடுது" என்று யாராவது சொன்னால் பயந்துவிட வேண்டாம். வொல்பாகியா என்ற பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுக்களை 2017 முதல் சிலாங்கூரின் சில இடங்களில் மருத்துவ ஆய்வுக் கழகத்தினர் விட்டு வந்தார்கள். அந்த பாக்டீரியா உள்ள கொசுவில் டிங்கிக் கிருமி பெருகுவது கடினம். விடுகிற காலத்தில் கொசு கூடுதலாகத் தெரியும், டிங்கி குறையும். அப்படிப்பட்ட தெருவை நான் தாராளமாக எடுத்துக்கொள்வேன்.

ஆறாம் படி: வீட்டுக்குள்

கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். மழைநீர்த் தகரத்தில் செடி முளைத்திருந்தால் உள்ளே மண்ணும் தண்ணீரும் இருக்கிறது. சுவரில் கறை வழிந்த கோடுகள் தகரம் அடைத்து வழிகிறது என்பதற்கு அடையாளம். இதைச் சுத்தம் செய்ய ஏணி வேண்டும், ஆள் வேண்டும்; வயதானவர்கள் மட்டும் குடியிருக்கப் போகிற வீடு என்றால் தகரமே இல்லாத வீடு நல்லது. சீலிங்குக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, கண்ணால் பாருங்கள்.

வெளியே வாருங்கள். வேலிக்கு நட்ட இரும்புக் குழாய்களின் தலையைத் தடவிப் பாருங்கள். மூடி போடாத குழாய் ஒவ்வொன்றும் மழைநீர் நிற்கும் ஒரு பாத்திரம். பக்கத்தில் போய் உள்ளே விளக்கடித்தால்தான் தெரியும். துணி காயப்போடும் குழாய், கொடிக்கம்பம், வெட்டிய மூங்கில் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மணலோ சிமெண்டோ போட்டு அடைத்தால் தீர்ந்தது, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. செப்டிக் டேங்க் வைத்த பழைய வீடு என்றால் மூடியின் நாலு ஓரத்தையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் சிமெண்டு பூசித் தரச் சொல்லுங்கள்.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் வீடுகளில் இன்னொன்றைப் பார்க்கலாம். ரப்பர் காட்டில் பால் எடுத்த பழைய மங்குகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் கொண்டுவந்து, ரோஜாத் தொட்டிக்கு அடியில் தட்டாக வைத்திருப்பார்கள், இல்லை பின்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து நினைவு, புரிகிறது. ஒரு மங்கில் நிற்பது கொஞ்சம் தண்ணீர்தான். ஏடிஸுக்கு அதுவே தாராளம். பக்கத்து வீட்டில் அப்படி இருந்தால், குடிபோன பிறகு தாத்தா பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிக் கவிழ்த்து வைக்கச் சொல்லலாம். பக்குவமாகச் சொன்னால் வயதானவர்கள் கேட்பார்கள்.

ஜன்னல் அடுத்தது. கண்ணாடிப் பட்டைகள் வைத்த நாக்கோ ஜன்னல்தான் மலிவு வீடுகளில் இருக்கும். சாத்தினாலும் இடுக்கு இருக்கும். வலை அடிப்பதென்றால் உட்புறமாகச் சட்டம் போட வேண்டும். ஜன்னலுக்கு மேல் உள்ள காற்றுத்துளைகளை மறந்துவிடாதீர்கள், கொசு அதிகமாக வருவது அந்த வழியில்தான். வலை அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். படுக்கையறையில் காற்று குறுக்காக ஓடினால் நல்லது. கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, நல்ல காற்றுக்கு எதிரே அதனால் நிலைத்துக் கடிக்க முடியாது. சீலிங் காற்றாடி உள்ள அறை இதற்காகவே ஒரு படி மேல்.

உள்ளே யாரும் பயன்படுத்தாத இரண்டாவது கழிப்பறை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலுள்ள தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் ரேக்கின் தட்டு ஆகியவற்றை ஒரு பார்வை பாருங்கள்.

அடுக்குமாடி வீடு பார்க்கிறவர்களுக்கு: மேல் மாடி என்பதால் டிங்கி வராது என்று நினைக்க வேண்டாம். லிப்டிலும் படிக்கட்டிலும் மனிதரோடு சேர்ந்து கொசுவும் ஏறும், மேல் மாடியிலேயே பிறக்கவும் செய்யும். நடைபாதையில் அடுக்கிய பூந்தொட்டிகளையும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் கீழ்த்தளத்துக் குப்பை அறையையும் பாருங்கள்.

ஏழாம் படி: தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால்

வேலிக்கு அப்பால் செம்பனை இருக்கும் வீடுகளுக்கு வாடகை குறைவாக இருக்கும். அவற்றை அப்படியே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நன்றாகப் பராமரிக்கும் தோட்டத்தில் வடிகால் ஓடிக்கொண்டிருக்கும், மீன் இருக்கும், புல் வெட்டியிருக்கும். காலையும் அந்தியும் அல்போபிக்டஸ் வரும். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் வெயில் படும் வெட்டவெளி கொஞ்சம் இருந்தால் அதுவும் குறையும். கவனிக்க வேண்டியது, மறுநடவுக்காக மரம் சாய்த்த நிலம். மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும், இயந்திரம் போன தடமெல்லாம் குட்டையாக நிற்கும்.

ரப்பர் சிறுதோட்டம் பக்கத்தில் இருந்தால் மரம் சீவுகிறார்களா என்று கேளுங்கள். தினம் சீவும் காட்டில் மங்கு தினம் கைபடும். விலை இறங்கிச் சீவாமல் விட்ட காட்டில் ஒவ்வொரு மரத்திலும் மங்கு வாய் திறந்து மழைநீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்டின் ஓரத்து வீடு வேண்டாம்.

எட்டாம் படி: இரண்டு வீட்டுக்கு நடுவில் முடிவு செய்ய

பட்டியல் இரண்டு வீடாகச் சுருங்கிவிட்டதா? வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சுகாதாரத் துறையினர் ஓவிட்ராப் என்று வைப்பார்களே, அதையே வீட்டில் செய்துகொள்ளலாம். கறுப்புச் சாயம் அடித்த இரண்டு பழைய மைலோ டின், உள்ளே பாதிக்குத் தண்ணீர், சாய்த்து வைக்க ஹார்ட்போர்டுத் துண்டு ஒவ்வொன்று. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில், பின்கட்டில் நிழலான, மழை படாத இடத்தில் வையுங்கள். ஐந்தாம் நாள் எடுத்துப் பாருங்கள். சொரசொரப்பான பக்கத்தில், ஈரம் பட்ட கோட்டை ஒட்டிக் கறுப்புக் கசகசாவைப் போல ஒட்டியிருப்பவை ஏடிஸ் முட்டைகள். நம் ஊரில் முட்டையே இல்லாமல் வருவது அதிர்ஷ்டம். எந்த வீட்டில் குறைவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் கண்டிப்பாக வைத்திருக்காதீர்கள், நீங்களே கொசு வளர்த்தவராகிவிடுவீர்கள். தண்ணீரைக் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெயிலில் கொட்டி, பலகையை எரித்துவிட்டு, டின்னை உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே ஒரு தடவை டிங்கி வந்திருந்தால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை வரும்போது கடுமையாகத் தாக்கும் ஆபத்து கூடுதல்.

ஒன்பதாம் படி: கையெழுத்துக்கு முன்னும் முதல் வாரத்திலும்

செப்டிக் டேங்க் மூடி, கூரைத் தகரம், தண்ணீர்த் தொட்டி மூடி, ஜன்னல் வலை: இவற்றில் எது யார் செலவு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, சோதனைக்கு வரும் அதிகாரிகள் கொசுப்புழுவைக் கண்டால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் போடலாம். குடியிருக்கிற உங்கள் பெயரில்தான் அந்த நோட்டீஸ் வரும் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பேசினால் மூடி சீக்கிரம் வந்துசேரும்.

சாமான் இறக்குவதற்கு முன்பே குளியல் தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்த்துவிடுங்கள்; முன்பு இருந்தவர் விட்டுப்போன காய்ந்த முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காலி செய்ய முடியாத தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் மருந்து போடலாம். 1 சதவீத மருந்து என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம்; பாக்கெட்டில் உள்ள குறிப்பையும் பாருங்கள். மூட்டை கட்டிய அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் எதையும் பின்னால் குவிக்காதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு பின் சந்தை ஒரு நடை நடந்து, கண்ணில் படுகிற டப்பாவையெல்லாம் பொறுக்கிவிடுங்கள். அந்தச் சந்தில் பாழ்வீடு இருந்தால் முகவரியைக் குறித்து, படத்தோடு நகராண்மைக் கழகத்துக்கும் கோலலங்காட் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் புகார் எழுதி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.